பெரிய ஃபிரேம் ரிவால்வர் வாங்குவது எப்படி: மதுரைப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போன ஆண்டு உசிலம்பட்டிப் பக்கம் ஒரு தோட்ட வீட்டுக்கு ரிவால்வர் பார்க்கப் போயிருந்தோம். லைசென்ஸ் என் நண்பருடையது. நான் துணைக்குப் போனவன். பெரியவர் பீரோவைத் திறந்து, பழைய வேட்டித் துணியில் சுற்றியிருந்ததை எடுத்து மேஜை மேல் வைத்தார். ஸ்மித் அண்ட் வெஸன் மாடல் 28, .357 மேக்னம், நான்கு அங்குலக் குழல். துணியை விலக்கியதும் முதலில் கண்ணில் பட்டவை குழலின் மேல் வரிசையாக இருந்த மூன்று குழிகள். ஒவ்வொன்றும் மிளகு அளவு. துரு அரித்தது.

“இது என்னங்கய்யா?”

“ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்போம்ல தம்பி. முப்பது வருசமா வைக்கிறேன். சாமிக்கு வைக்காம எப்படி?”

சந்தனத்தையும் குங்குமத்தையும் ஈரத்தோடு வைத்து, மறுநாள் துடைக்காமல் துணியில் சுற்றி உள்ளே வைத்தால் இரும்பு என்ன செய்யும், பாவம்.

அன்று அதை வாங்காமல் திரும்பினோம். ஆனால் காரணம் அந்தக் குழிகள் இல்லை. கைப்பிடியின் அடியில் குத்தியிருந்த எண் ஒன்று, லைசென்ஸ் புத்தகத்தில் எழுதியிருந்த எண் வேறு. நம் ஊரில் ரிவால்வர் வாங்குகிறவர் முதலில் ஓர் எண்ணை வாங்குகிறார், அப்புறம்தான் இரும்பை. இது புரியாமல் லட்சக்கணக்கில் முன்பணம் கொடுத்துவிட்டு அலைகிறவர்களை எனக்குத் தெரியும். அதனால் இந்த வழிகாட்டியும் காகிதத்தில் ஆரம்பித்துத்தான் இரும்புக்கு வரும்.

பெரிய ஃபிரேம் என்று எதைச் சொல்கிறோம்

ஃபிரேம் என்பது ரிவால்வரின் உடல். குழல், சிலிண்டர் (தோட்டா அறைகள் உள்ள உருளை), விசை எல்லாம் அதில்தான் கோத்திருக்கும். நம்மூரில் லைசென்ஸ்காரர்கள் அதிகம் வைத்திருப்பது கான்பூர் தொழிற்சாலையின் .32 ரிவால்வர், அது சிறியது. பெரியது என்றால் ஒரு கிலோவும் அதற்கு மேலும் எடை வரும். ஸ்மித் அண்ட் வெஸன் 1908-ல் கொண்டுவந்த ‘என்’ ஃபிரேம், கோல்ட் கம்பெனி 1898 முதல் செய்த நியூ சர்வீஸ், பிரிட்டிஷ் ராணுவம் 1887-ல் எடுத்துக்கொண்ட வெப்லி வரிசை ஆகியவை முக்கியமானவை. இந்த வரிசையில் கடைசியாக வந்த ஆறாம் மார்க் (ஆறாவது வடிவம்) 1915-ஐச் சேர்ந்தது. சேகரிப்போர் தேடுவது பெரும்பாலும் இந்த மூன்று குடும்பங்களைத்தான்.

முதல் படி: போர் (bore, குழலின் விட்டம்) என்ன என்று பாருங்கள்

குழலின் விட்டத்தையும் அது எடுக்கும் தோட்டாவையும் வைத்து நம் சட்டம் ஆயுதங்களை இரண்டாகப் பிரிக்கிறது. கடைக்காரர்கள் பேச்சில் பி.பி., என்.பி.பி. என்பார்கள். பி.பி. என்றால் ‘புரோஹிபிடட் போர்’, தடை செய்யப்பட்ட குழல் அளவு; என்.பி.பி. என்றால் தடை இல்லாதது. 2016 ஆயுத விதிகளின் முதல் அட்டவணைப்படி .380 அல்லது .455 விளிம்புள்ள தோட்டா, ராணுவ 9 மி.மீ. தோட்டா, விளிம்பில்லாத .45 தோட்டா, இவற்றில் எதைப் போட்டுச் சுட முடிந்தாலும் அந்தப் பிஸ்டலோ ரிவால்வரோ பி.பி.தான்.

இந்த ஒரு வரியிலேயே பலருடைய கனவு முடிந்துவிடும். வெப்லி .455 பி.பி. முதல் உலகப் போருக்காக ஸ்மித் அண்ட் வெஸனும் கோல்ட்டும் பிரிட்டனுக்குச் செய்து கொடுத்த .455 ரிவால்வர்களும் பி.பி. அமெரிக்க ராணுவத்தின் 1917 மாடல் விளிம்பில்லாத .45 எடுக்கும், அதுவும் பி.பி. இவற்றுக்கு அனுமதி கொடுப்பது மத்திய உள்துறை அமைச்சகம். ஆசைக்குச் சேகரிக்கிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அங்கே எடுபடாது. தாத்தா வைத்திருந்த வெப்லி வாரிசாக வந்தால் அது வேறு கதை. வெளியாளிடம் போய் வாங்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

சரி, மிச்சம் என்ன? .357 மேக்னமும் .44 மேக்னமும் அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே சாதாரண லைசென்ஸ்காரர் தேடவேண்டியது ‘என்’ ஃபிரேமில் வந்த .357 மாடல் 27, மாடல் 28, அதிர்ஷ்டம் இருந்தால் .44 மாடல் 29. .357 மேக்னம் தோட்டாவும் அதற்கான ரிவால்வரும் 1935-ல் வந்தன. மாடல் 28 அதன் பகட்டில்லாத தம்பி, 1954-ல் அமெரிக்க நெடுஞ்சாலைப் போலீஸ்காரர்களுக்காக மங்கல் நீலத்தில் செய்தது (நீலம் என்பது துருவைத் தடுக்க இரும்புக்கு ஏற்றும் கருநீல நிறம்). .44 மேக்னம் 1955 கடைசியில் வந்தது. மாடல்களுக்கு எண் வைக்கும் வழக்கம் 1957-ல்தான் தொடங்கியது. அதற்கு முந்தையவற்றில் மாடல் எண்ணைத் தேடாதீர்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை. “நூறு வருசத்துப் பொருள், ஆண்டிக், லைசென்ஸே வேண்டாம்” என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். 1959 ஆயுதச் சட்டத்தின் 45-வது பிரிவு விலக்குக் கொடுப்பது உண்மைதான். ஆனால் யாருக்கு? பழுது பார்த்தாலும் சரி, பார்க்காவிட்டாலும் சரி, துப்பாக்கியாகப் பயன்படுத்தவே முடியாத பழைய பொருளுக்கு. 1890-ல் செய்த வெப்லி இன்றைக்கும் சுடும் என்றால் அதற்கு வயது ஒரு பாதுகாப்பும் தராது. லைசென்ஸ் இல்லாமல் தடை செய்யப்பட்ட ஆயுதம் வைத்திருந்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் 14 ஆண்டு சிறை.

இரண்டாம் படி: உங்கள் லைசென்ஸ் இதற்கு இடம் கொடுக்கிறதா

மதுரை மாநகர எல்லைக்குள் இருந்தால் லைசென்ஸ் அதிகாரி போலீஸ் கமிஷனர். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டி, வாடிப்பட்டி என்று வெளியே போய்விட்டால் கலெக்டர். விண்ணப்பம் ஏ-1 படிவத்தில். ஆயுதத்தைப் பாதுகாப்பாகக் கையாளப் பயிற்சி எடுத்ததற்கு எஸ்-1 சான்றிதழ் வேண்டும். போலீஸ் விசாரணை அறிக்கை வர வேண்டும். எல்லாம் தேசியத் தரவுத்தளத்தில் ஏறி, உங்களுக்கென்று ஒரு தனி அடையாள எண் விழும்.

ஏற்கெனவே லைசென்ஸ் இருக்கிறவர்கள் இரண்டு விஷயம் பாருங்கள். ஒன்று, ஆயுத வகை. இரட்டைக்குழல் துப்பாக்கிக்கு வாங்கிய லைசென்ஸில் ரிவால்வரை ஏற்ற முடியாது, அனுமதி கேட்டு எழுத வேண்டும். இன்னொன்று, எண்ணிக்கை. 2019 டிசம்பர் முதல் ஒருவர் இரண்டு ஆயுதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதற்கு முன் மூன்று. இதனால்தான் சேகரிப்பு என்ற சொல்லையே நாம் கொஞ்சம் யோசித்துப் பயன்படுத்த வேண்டியிருக்கிறது. அமெரிக்கக்காரர் அலமாரி நிறைய அடுக்குவார். நமக்கு வாழ்நாளுக்கு இரண்டு. அப்படியானால் அந்த இரண்டில் ஒன்று எவ்வளவு பொறுக்கி எடுத்ததாக இருக்க வேண்டும்!

வாரிசுக்கு மாற்றுவது தனி வழி. 2016 விதிகளின் 25-வது விதிப்படி லைசென்ஸ்தாரர் இறந்த பிறகு வாரிசு விண்ணப்பிக்கலாம். அவர் உயிரோடு இருக்கும்போதே 70 வயது ஆகியிருந்தாலோ, ஆயுதத்தை 25 ஆண்டு வைத்திருந்தாலோ, தான் குறிப்பிடும் வாரிசுக்குக் கொடுக்கலாம். இறந்தபின் “காரியம் எல்லாம் முடியட்டும்” என்று டிரங்குப் பெட்டியில் போட்டு வைப்பதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. தாமதிக்காமல் போலீஸ் ஸ்டேஷனிலோ லைசென்ஸ் பெற்ற துப்பாக்கிக் கடையிலோ டெபாசிட் செய்து ரசீது வாங்கிவிட வேண்டும்.

மூன்றாம் படி: எங்கே தேடுவது

1980-களின் நடுவிலிருந்து தனியாட்கள் வெளிநாட்டுத் துப்பாக்கியை இறக்குமதி செய்யத் தடை இருக்கிறது. வெளிநாட்டில் குடியிருந்துவிட்டு இங்கேயே குடியேறத் திரும்பி வருகிறவர்கள், பேர்பெற்ற துப்பாக்கி சுடும் வீரர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. ஆக, இங்கே சுற்றிக்கொண்டிருக்கும் ‘என்’ ஃபிரேம்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே வந்து சேர்ந்தவை.

தேட வேண்டிய இடம் துப்பாக்கிக் கடைகளின் டெபாசிட் அலமாரி. அப்பா காலமானார், பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும், லைசென்ஸ் எடுக்க யாருக்கும் பொறுமை இல்லை. ஆயுதம் வருடக்கணக்கில் கடையில் தூங்கும். கடைக்காரரிடம் “.357 ஏதாவது டெபாசிட்டில் கிடக்குதாண்ணே?” என்று கேட்டு வைத்துவிட்டு வந்தால், ஆறு மாதம் கழித்துப் போன் வரும். கொடைக்கானல், மேகமலை எஸ்டேட் வீடுகள், கம்பம் பள்ளத்தாக்கின் பழைய மிராசு வீடுகள் அடுத்தது. ரைபிள் கிளப் ஆட்களுக்கு யாரிடம் என்ன இருக்கிறது என்பது அத்துப்படி.

நான்காம் படி: எண்கள்

இதற்கு ஒரு முழு மணி நேரம் ஒதுக்குங்கள். பூதக்கண்ணாடி, டார்ச், பேப்பர், பேனா எடுத்துப் போங்கள். ரிவால்வரை உரிமையாளர்தான் எடுத்துத் திறக்க வேண்டும். ஆறு அறையும் காலி என்பதை இரண்டு பேர் கண்ணாலும் பார்த்த பிறகே உங்கள் கைக்கு வரட்டும்.

‘என்’ ஃபிரேமில் உண்மையான வரிசை எண் கைப்பிடியின் அடிப்பாகத்தில், தரையைப் பார்க்கும் இரும்பில் இருக்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் 1969 வரை ‘எஸ்’ என்ற எழுத்தில் தொடங்கும், அதன் பிறகு ‘என்’. பெரிய மரப் பிடி போட்டிருந்தால் அடியை மூடியிருக்கும். ஒரே திருகுதான், கழற்றச் சொல்லுங்கள். தயங்கினால் சந்தேகப்படுங்கள்.

இப்போது சிலிண்டரை வெளியே சாய்த்து, அதைத் தாங்கும் இரும்புக் கை மடங்கும் இடத்தில், ஃபிரேமின் உள்வெட்டில் பாருங்கள். ‘மாடல் 28-2’ என்பது போல ஒரு குறி, பக்கத்தில் இன்னொரு எண். அந்த இன்னொரு எண் பல ரிவால்வர்களில், தொழிற்சாலையில் பாகங்களைக் கலந்துவிடாமல் கோப்பதற்காகக் குத்தியது. வரிசை எண்ணே அல்ல. பெரியவர் லைசென்ஸில் ஏறியிருந்தது அந்த எண்தான்! முப்பது வருடத்துக்கு முன் எழுத்தர் யாரோ சிலிண்டரைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்ததை எழுதிவிட்டார். ஒவ்வொரு புதுப்பித்தலிலும் அதே தப்பு நகலாகி, கடைசியில் கம்ப்யூட்டரிலும் ஏறிவிட்டது. பிடியைக் கழற்றிப் பார்க்கும் வரை பெரியவருக்கே தெரியாது.

பழைய துப்பாக்கிகளில், குறிப்பாகப் போருக்கு முந்தையவற்றில், அதே வரிசை எண் சிலிண்டரின் பின்முகத்திலும், குழலின் அடியில், காலிக் கூடுகளைத் தள்ளும் தண்டு படியும் தட்டையிலும், வலப்பக்கப் பிடியின் உட்புறத்திலும் இருக்கும். எல்லாம் ஒத்துப்போனால் சேகரிப்போர் கூடுதல் விலை தருவார்கள். சிலிண்டர் எண் மட்டும் வேறு என்றால் அது வேறொரு துப்பாக்கியிலிருந்து வந்த சிலிண்டர். சுடும், ஆனால் சேகரிப்பு மதிப்பு இறங்கிவிடும்.

கடைசியில் மூன்று எண்களை ஒரே பேப்பரில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதுங்கள்: இரும்பில் உள்ளது, லைசென்ஸ் புத்தகத்தில் உள்ளது, தரவுத்தளப் பதிவில் உள்ளது. முன்னெழுத்து உட்பட மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். ‘என்’ எழுத்து விடுபட்டிருந்தாலும் விற்பவரே முதலில் திருத்தம் வாங்கட்டும். “நாம பேசிக்கலாம், அப்புறம் மாத்திக்கலாம்” என்பதற்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

வெப்லி வாரிசுகளுக்கும் ஒரு வார்த்தை. குழல், சிலிண்டர், ஃபிரேம் மூன்றிலும் எண் பாருங்கள். ராணுவச் சொத்துக்கு அடையாளம் ஓர் அம்புக்குறி. இரண்டு அம்புகள் முனைக்கு முனை பார்த்தபடி இருந்தால் ராணுவம் விற்றுக் கழித்தது என்று பொருள். சிலிண்டருக்கு மேலே உள்ள பட்டையில் கல்கத்தா ரோடா கம்பெனி, மேன்டன் கம்பெனி, ஆர்மி அண்ட் நேவி சங்கம் என்று பெயர் பொறித்திருந்தால் அது ஓர் அதிகாரி சொந்தக் காசில் வாங்கியதாக இருக்கலாம். அந்த எழுத்துகளைத் தேய்த்துவிடாமல் காப்பாற்றுங்கள். சில வெப்லிகளில் சிலிண்டரின் பின்முகத்தைச் சீவி, .45 தோட்டா போடும்படி மாற்றியிருப்பார்கள். அதனால் பி.பி. தலைவலி போகாது. சேகரிப்பு மதிப்புதான் போகும். சாதாரண .45 தோட்டாவின் அழுத்தம் அந்த ரிவால்வர் தாங்கும் அளவுக்கு மேல் என்பதால் ஆபத்தும் கூட.

ஐந்தாம் படி: இரும்பு

இங்கே பொறுமைதான் கருவி. இன்னொரு கருவியும் வேண்டும்: புல்லட் பைக் மெக்கானிக்குகள் டாப்பெட் பார்க்க வைத்திருக்கும் ஃபீலர் கேஜ், அதாவது இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள். சிம்மக்கல் பக்கம் எந்த ஸ்பேர் கடையிலும் கிடைக்கும்.

சிலிண்டரின் முன்முகத்துக்கும் குழலின் பின்முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியில் தகட்டை நுழையுங்கள். 0.10 முதல் 0.20 மி.மீ. வரை நல்லது. 0.25-ஐத் தாண்டினால் விலையைக் குறைத்துப் பேசலாம். அப்புறம் சிலிண்டரை முன்னும் பின்னும் விரலால் ஆட்டுங்கள். ஆட்டம் கைக்குத் தெரிகிற அளவு இருந்தால், நிறையச் சுட்ட துப்பாக்கி அல்லது பலமான தோட்டா போட்டுச் சுட்ட துப்பாக்கி.

அடுத்தது பூட்டும் நேரம். இடது கைக் கட்டைவிரலைச் சிலிண்டர் மேல் லேசாக வைத்துத் தடுத்தபடி, ஹேமரை (பின்னாலிருந்து தோட்டாவைத் தட்டும் சுத்தியை) மெல்லப் பின்னால் இழுங்கள். எவ்வளவு மெல்ல என்றால், கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பது போல. ஹேமர் கடைசி வரை போய் நிற்பதற்குள் சிலிண்டர் டக்கென்று பூட்டிக்கொள்ள வேண்டும். ஆறு அறைக்கும் இதையே செய்யுங்கள். ஐந்து சரியாகப் பூட்டி ஆறாவது மட்டும் பூட்டாமல் நிற்பது அடிக்கடி நடக்கும். அந்த ஆறாவதில் தோட்டா குழலுக்கு நேராக நிற்காமல் வெடித்தால் ஈயம் பக்கவாட்டில் சிதறும்.

ஹேமர் ஏறிய நிலையில், ட்ரிக்கரைத் தொடாமல், பின்னாலிருந்து கட்டைவிரலால் மிதமாகத் தள்ளிப் பாருங்கள். விழக் கூடாது. விழுந்தால் உள்ளே யாரோ அரம் வைத்திருக்கிறார்கள். ‘ட்ரிக்கர் லேசாக இருக்கட்டும்’ என்று எப்போதோ ஒருவர் செய்த வேலை. அப்படிப்பட்டதை நான் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்க மாட்டேன். காலி அறையில் வெறுமனே சுட்டுச் சுட்டுப் பார்க்கவும் வேண்டாம்; பழையவற்றில் தோட்டாவைக் குத்தும் ஊசி ஹேமரிலேயே இருக்கிறது, ஒடிந்தால் மாற்று கிடைப்பது குதிரைக் கொம்பு.

சிலிண்டரைச் சாய்த்தபடி வைத்து மெல்லச் சுழற்றுங்கள். தாங்கும் கை வளைந்திருந்தால் தள்ளாடும். வளைவது எப்படி? சினிமாவில் ஒரு கையால் சடாரென்று உதறி மூடுவார்களே, அதனால்தான். விற்பவர் உங்கள் முன்னாலேயே அப்படி மூடிக் காட்டினால், அவர் கையில் அது எத்தனை வருடம் இருந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

குழலின் உட்புறத்தைப் பார்க்க டார்ச்சை நேராக அடிக்காதீர்கள், கண் கூசும், ஒன்றும் தெரியாது. வெள்ளைத் தாளில் அடித்து, அந்த வெளிச்சத்தில் பாருங்கள். சுருள் வரிகள் கூர்மையாக இருக்க வேண்டும். நடுவில் எங்காவது கறுப்பு வளையம் தெரிந்தால் குழல் அங்கே உப்பியிருக்கிறது. உள்ளே தோட்டா சிக்கியதைக் கவனிக்காமல் அடுத்ததைச் சுட்டிருக்கிறார்கள். குழலின் பின்வாயில், கீழ்ப்பக்கம், மயிரிழை விரிசல் உண்டா என்றும் பாருங்கள். விரிசல் இருந்தால் வேறு பேச்சே வேண்டாம்.

வெப்லி நடுவில் மடங்கித் திறக்கும் வகை. அதற்கு ஒரே சோதனை போதும்: பூட்டிய நிலையில் குழலையும் பிடியையும் இரண்டு கையால் பிடித்து லேசாக முறுக்குங்கள். கடகடவென்று ஆடினால் கீல் தேய்ந்துவிட்டது.

ஆறாம் படி: நீலம், நிக்கல், பாலிஷ்

நம் ஊரில் பழைய பொருள் கைக்கு வந்தால் முதல் காரியம் அதைப் பளபளப்பாக்குவது. குத்துவிளக்குக்குச் சரி. ரிவால்வருக்கு இது சாவு. பாலிஷ் சக்கரத்தில் காட்டி மறுபடி நீலம் ஏற்றியது, கண்ணுக்குப் புதுசு போல இருக்கும். சேகரிப்போர் அதற்குப் பாதி விலைகூடப் பேச மாட்டார்கள்.

கண்டுபிடிப்பது சுலபம். ஃபிரேமின் விளிம்புகளில் விரலை ஓட்டுங்கள். அசல் என்றால் விளிம்பு துல்லியமாக இருக்கும், பாலிஷ் போட்டது என்றால் சோப்புக்கட்டி போல மழுங்கியிருக்கும். திருகுத் துளையின் ஓரம் கிண்ணம் போலக் குழிந்திருக்கும். கம்பெனி முத்திரையின் எழுத்துகள் ஒரு பக்கம் ஆழமாகவும் மறுபக்கம் மங்கலாகவும் இருக்கும். எல்லாவற்றையும்விட முக்கியம் ஹேமரும் ட்ரிக்கரும். ஸ்மித் அண்ட் வெஸன் அவற்றுக்கு நீலம் ஏற்றாது. மயில் கழுத்து போலப் பல நிறம் கலந்த கடினப் பதம் கொடுத்திருக்கும். அவை ஒரே கறுப்பாக இருந்தால் யாரோ மொத்தமாக முக்கி எடுத்திருக்கிறார்கள். வரிசை எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் குத்தியிருந்தால் தொழிற்சாலைக்கே திரும்பிப் போய் வேலை நடந்தது என்று அர்த்தம்; அது அவ்வளவு பெரிய குறை இல்லை.

திருகுகளை எண்ணினால் காலம் தெரியும். பக்கத் தகட்டில் நான்கும், ட்ரிக்கர் வளையத்துக்கு முன்னால் ஒன்றுமாக ஐந்து இருந்தால் ஏறக்குறைய 1950-களின் நடுவுக்கு முந்தையது. பிறகு நான்கு, 1961 வாக்கில் மூன்று. ஒரு திருகு பிடிக்கு அடியில் ஒளிந்திருக்கும், மறந்துவிடாதீர்கள். குழலை ஃபிரேமோடு பிணைக்கும் குறுக்கு ஊசியும், தோட்டா விளிம்பு உள்ளே அமிழும்படி குடைந்த சிலிண்டரும் 1982 வாக்கில் நின்றுவிட்டன. இரண்டும் இருக்கிற மேக்னத்துக்குத்தான் சேகரிப்போரிடம் மவுசு.

தேங்காய் எண்ணெய் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. துப்பாக்கி எண்ணெய் தீர்ந்தால் சமையலறையில் இருப்பதைத் தடவிவிடுவார்கள். அது நாளாக ஆகத் தூசியோடு சேர்ந்து பிசுக்காகப் பிடித்துக்கொண்டு, உள்ளே விசை மெதுவாக நகரும். பார்க்கும்போது ‘பூட்டும் நேரம் தப்பு’ என்று தோன்றும். நல்ல ஆளிடம் கொடுத்துக் கழுவினால் சரியாகிவிடும். இப்படிப்பட்டது கிடைத்தால் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு பேரம் பேசுங்கள்.

ஏழாம் படி: பிடி, உறை, பெட்டி

அசல் மரப் பிடியில் கம்பெனி முத்திரை பதித்த சின்ன வட்டத் தகடு இருக்கும். பின்னாளில் நம்மூர் ஆசாரி ஈட்டி மரத்தில் செதுக்கிக் கொடுத்தது அழகாகவே இருக்கலாம், ஆனால் அசல் பிடி தனியே பெட்டியில் கிடக்கிறதா என்று கேளுங்கள். ஜமீன் வீட்டுத் துப்பாக்கி என்று யானைத் தந்தப் பிடியோடு காட்டினால் உடனே ஒதுங்குங்கள். தந்தத்தை விற்பதும் வாங்குவதும் வனவிலங்குச் சட்டப்படி குற்றம். ரிவால்வருக்கு லைசென்ஸ் இருந்தாலும் அது பிடிக்குப் பொருந்தாது.

தோல் உறை இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் உள்ளே வைக்காதீர்கள். தோல் ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுக்கும்.

எட்டாம் படி: விலை

தொகை எதுவும் இங்கே எழுதப் போவதில்லை. ஆளுக்கு ஆள் மாறும். நம் நாட்டு விலையில் பெரும்பகுதி இரும்புக்கு இல்லை, இறக்குமதித் தடைக்கு. அதனால் வெளிநாட்டு விலைப் பட்டியலை ரூபாயில் பெருக்கிப் பார்த்து மயங்கவோ அதிரவோ வேண்டாம். ஆனால் அங்கே எதற்கு ஏறும், எதற்கு இறங்கும் என்ற விகிதம் இங்கேயும் பொருந்தும். மறுநீலம் பெரிய அடி. எண் ஒத்துப்போகாத சிலிண்டர் அடுத்தது. பொட்டு வைத்த குழி போன்றவை அதைவிடச் சிறியது. தோட்டா கிடைக்குமா என்பதையும் விலைக்குள் சேர்த்து யோசியுங்கள்; .32-க்கு நம் தொழிற்சாலைத் தோட்டா கிடைக்கும், .357-க்குக் கடைக்காரரிடம் முன்கூட்டிக் கேளுங்கள்.

எழுத்து அனுமதி வரும் முன் முழுப்பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள்.

ஒன்பதாம் படி: கைமாற்று

தனியாளிடம் வாங்கினால், விற்பவர் தன் லைசென்ஸ் அதிகாரிக்கோ பக்கத்துப் போலீஸ் ஸ்டேஷனுக்கோ, இன்னாருக்கு விற்கப் போகிறேன் என்று உங்கள் பெயர் முகவரியோடு எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுத்து 45 நாள் கழிந்த பிறகுதான் கைமாற்றலாம். இது சட்டத்தின் 5-வது பிரிவு. ரசீது முத்திரையோடு ஒரு நகல் உங்களிடமும் இருக்கட்டும். விற்பவர் தேனி மாவட்டம், நீங்கள் மதுரை என்றால் இரண்டு அலுவலகமும் பேசிக்கொள்ளும் காலத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். உங்கள் லைசென்ஸ் எந்தப் பகுதிக்குச் செல்லும் என்பதைப் பார்க்காமல் ரிவால்வரை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடாதீர்கள். வாங்கியதும் அதிகாரியிடம் காட்டி, எண்ணைப் புத்தகத்தில் எழுதும்போது பக்கத்திலேயே நின்று, எழுத்தெழுத்தாகச் சரிபாருங்கள். எழுத்தர் சலித்துக்கொள்வார். சலித்துக்கொள்ளட்டும்.

பத்தாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

இரும்பு பீரோவில் தனிப் பூட்டு. தோட்டா வேறு இடத்தில். துணியில் சுற்றாமல், மெல்லிய எண்ணெய்ப் பூச்சோடு, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றைப் பக்கத்தில் போட்டு வையுங்கள். மதுரை வெயிலுக்கு இது போதும். கொடைக்கானலில் வைத்திருப்பவர்கள் மாதம் ஒரு தடவை எடுத்துப் பார்க்க வேண்டும்.

தேர்தல் வந்தால் டெபாசிட் செய்யச் சொல்லி ஸ்டேஷனிலிருந்து போன் வரும். மறுக்காமல் கொடுங்கள், ஆனால் கொடுக்கும் முன் எல்லாப் பக்கமும் போட்டோ எடுங்கள், எண்ணைத் தெளிவாகக் காட்டி ஒன்று. எண்ணெய் கொஞ்சம் தாராளமாகவே தடவுங்கள். ரசீதில் ‘ரிவால்வர் 1’ என்று மட்டும் எழுதினால், வரிசை எண்ணையும் எழுதச் சொல்லிக் கேளுங்கள். ஒரு தேர்தலில் நண்பர் ஒருவரின் துப்பாக்கி மூன்று மாதம் ஈரச் சுவரோரம் கிடந்து, பிடி முழுக்கப் பூஞ்சையோடு திரும்பி வந்தது. போட்டோ இல்லாததால் அவரால் யாரிடமும் எதுவும் சொல்ல முடியவில்லை.

உசிலம்பட்டிப் பெரியவர் எண் திருத்தத்துக்கு மனு கொடுத்து, ரிவால்வரை நேரில் காட்டி, நடையாய் நடந்தார். பத்து மாதம் ஆனது. போன வாரம் போன் செய்தார்.

“தம்பி, நம்பரை மாத்திக் கொடுத்துட்டாங்க. உங்க ஆளை வரச் சொல்லுங்க. ஆயுத பூஜை வருது, இந்தத் தடவை உறை மேலதான் பொட்டு வைக்கப் போறேன்.”

நண்பர் 45 நாளை எண்ண ஆரம்பித்திருக்கிறார்.